இலந்தைக் கிளைக்கு ஒரு இருக்கை

மிசிங்கா
4 மார்ச் 2019

டுமிசானி மஜோலாவுக்கு,

நலமா என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. சிறையிலிருந்து நீ அனுப்பிய கடிதங்களில் ஒன்றைக்கூட நான் பிரிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு சர்க்கரைப் பையில் போட்டு அலமாரி மேல் வைத்திருக்கிறேன். அடுப்பில் போடலாம் என்று ஒருமுறை எடுத்தேன். பிறகு அதற்கும் மனசு வரவில்லை, வைத்துவிட்டேன்.

பரோல் குழுவிலிருந்து எனக்குத் தபால் வந்திருக்கிறது. உன் ஆறு வருஷத்தில் பாதி முடியப் போகிறதாம். உன்னை வெளியே விடலாமா என்று ஆகஸ்டில் கூடிப் பேசப் போகிறார்களாம். இறந்தவரின் மனைவி என்ற முறையில் நான் வந்து ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று கேட்டிருக்கிறார்கள். இறந்தவரின் மனைவியும் வண்டி ஓட்டியவரின் தங்கையும் ஒரே ஆள்தான் என்பது அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ.

நான் எழுதுவது அத்தைக்காக. என் பெக்கானியைப் பெற்றவர் இன்னும் சரியாகத் தூங்குவதில்லை. கண்ணை மூடினால் அவன் சாலை ஓரத்தில் நிற்கிறானாம். விரலை உயர்த்தி டாக்ஸி வேனை நிறுத்தப் பார்க்கிறானாம். "எல்லா வேனும் காலியாத்தான் போகுது, என் பிள்ளைக்கு மட்டும் எவனும் நிறுத்த மாட்டேங்கிறான்" என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்.

அவன் ஆவியை இலந்தைக் கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துவர இரண்டு தடவை போய்விட்டோம். புதைப்பதற்கு முன் ஒரு தடவை, போன வருஷம் ஆடு வெட்டி ஒரு தடவை. சின்ன மாமனார்தான் இலந்தைக் கிளையைப் பிடித்துக்கொண்டு ஆற்றுமணலில் இறங்கினார். உன் வண்டி கவிழ்ந்து கிடந்த இடத்தில் நின்று கூப்பிட்டார். கிளைக்கு வேனில் தனி இருக்கை பிடித்தோம். பாலம் வந்தபோது "பாலத்தைத் தாண்டுறோம்டா" என்று சொன்னார், வாசலில் "வீடு வந்திருச்சு" என்று சொன்னார். ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் அவன் வரவில்லை.

"இடம் தப்பு. அவன் செத்தது அங்கே இல்ல" என்கிறார் சின்ன மாமனார். போலீஸ் வருவதற்குள் வேனில் வந்த யாரோ உங்கள் இரண்டு பேரையும் மேலே தூக்கிவந்து மரத்தடியில் கிடத்திவிட்டுப் போய்விட்டார்கள். அவன் உயிர் போனது வண்டிக்குள்ளா, சரிவிலா, மணலிலா, மேலேயா? அது உனக்கு மட்டும்தான் தெரியும். உன் வக்கீல் கோர்ட்டில் எழுந்து சொன்னது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. கை முறிந்த நிலையிலும் மைத்துனரை வண்டியிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவந்து, கடைசி மூச்சு வரை மடியில் வைத்திருந்தாய் என்றார். நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

எந்த இடத்தில் வைத்து மடியில் கிடத்தினாய்? அதை மட்டும் எழுது. எழுதினால், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று பரோல் குழுவில் சொல்லிவிடுகிறேன்.

தெஞ்சிவே சோண்டி

*

19 மார்ச் 2019

தெஞ்சி,

உன் கடிதம் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. இரவுச் சாப்பாட்டை வெயில் இருக்கும்போதே கொடுத்துவிட்டு அறையைப் பூட்டிவிடுகிறார்கள். சோளக்களியும் முட்டைக்கோசும். உப்பு இருப்பதில்லை, இருந்தால் அதிகமாக இருக்கும். அறையில் என்னோடு சித்தோலே என்று ஒரு பெரியவர் இருக்கிறார், டாக்ஸி வேன் ஓட்டியவர். அவரும் குடித்துவிட்டு ஓட்டிய வழக்குதான். ஒரு சைக்கிள்காரர் போய்விட்டார்.

வாரம் ஒருமுறை எங்களுக்குக் குடி பற்றி வகுப்பு உண்டு. அதை முடித்தால்தான் பரோலுக்குப் பெயர் அனுப்புவார்கள். போன வாரம் வகுப்பெடுக்கிற அம்மா சித்தோலேயிடம் "ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டார். "குடிக்கிற பழக்கமே இல்லைங்க. சோளப் பீர் மட்டும்தான்" என்றார் அவர். "அப்போ அது குடி இல்லையா?" "அது சாப்பாடுங்க." அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றோம். அந்த அம்மா சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டார்.

வெளியே வந்தாலும் எனக்கு லைசென்ஸ் கிடையாது. கோர்ட்டிலேயே ரத்து செய்துவிட்டார்கள். எனக்கும் ஓட்டுகிற எண்ணம் இல்லை.

இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். எழுதுகிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு.

டுமிசானி

*

மிசிங்கா
2 ஏப்ரல் 2019

டுமிசானி,

நான் ஒரு கேள்வி கேட்டால் நீ முட்டைக்கோசில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று எழுதுகிறாய். எதற்கு உனக்கு அவகாசம்? பெண் வீட்டில் மாடு கணக்குப் பேசவா? ஒரு இடம். பாலத்திலிருந்து மேலேயா கீழேயா, இந்தக் கரையா அந்தக் கரையா. பத்து வார்த்தை போதும்.

ஒன்றை உனக்குத் தெரியப்படுத்துகிறேன், அதற்குப் பிறகு உன் இஷ்டம். அன்று கோர்ட்டில் உன்மேல் எனக்கு எவ்வளவு வெறுப்பு இருந்தது என்று உனக்குத் தெரியாது. ஒரே அம்மா வயிற்றில் பிறந்ததையே நினைக்கக் கூசியது. வக்கீல் அந்த மடியைப் பற்றிச் சொன்னதும்தான் எனக்கு அழுகையே வந்தது. சாகும்போது அவன் தனியாக இல்லை, தெரிந்த கை ஒன்று அவன் தலைக்குக் கீழே இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். அயாண்டா "அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?" என்று கேட்கிறபோதெல்லாம் "மாமா மடியில படுத்திருந்தாருடி" என்றுதான் சொல்கிறேன். அவளும் அதைக் கேட்டதும் பேசாமல் போய் விளையாடுகிறாள்.

அந்த ஒன்றுக்காகத்தான் உன் கடிதங்களை இன்னும் எரிக்காமல் வைத்திருக்கிறேன்.

சின்ன மாமனார் கிளைக்கு மரம் பார்த்து வைத்துவிட்டார். குளிர் வருவதற்குள் போக வேண்டும் என்கிறார். எழுது.

தெஞ்சிவே

*

6 மே 2019

தெஞ்சி,

எனக்கு இடம் தெரியாது.

இந்த ஒரு வரிக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. சித்தோலேயிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஏன்யா, பாலத்துக்குக் கீழே ஒரு பெரிய பாறைன்னு எழுதேன். பாறை இல்லாத ஆறு உண்டா? அவங்க போய்க் கிளையை வெப்பாங்க, அந்தம்மா தூங்கும், நீ வீட்டுக்குப் போவே. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். அப்படியே எழுதினேன். உறையிலும் போட்டு ஒட்டிவிட்டேன். அடுத்த நாள் தபால் வாங்க வந்தவரிடம் கொடுக்கக் கை நீளவில்லை. திரும்பவும் எழுதினேன், அதையும் கொடுக்கவில்லை. ஆடு ஒன்று வீணாகப் போகும், அத்தை இன்னொரு தடவை காத்திருந்து ஏமாறுவார்.

நடந்ததில் எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். அன்று பெக்கானியின் தம்பிக்குப் பெண் கேட்டு, பெண் வீட்டுக்கு எத்தனை மாடு கொடுப்பது என்று பேசப் போனோம். மாப்பிள்ளை வீட்டுக்காக வாய் திறந்து பேசுகிறவன் நான். மாடு எத்தனை என்று முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள், உனக்குத் தெரியும். காலையிலிருந்து வெறும் வயிறு. முடிவானதும் பெண்ணின் அப்பா சோளப் பீர்ப் பானையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பேசவந்தவன் பானையைத் தள்ளிவைத்தால் பெண்ணையே தள்ளிவைத்த மாதிரி. குடித்தேன். பசிக்கு நன்றாக இருந்தது, இன்னும் குடித்தேன். பிறகு பிராந்தி வந்தது. கிளம்பும்போது பெக்கானி "மச்சான், சாவியைக் குடு, நான் ஓட்டுறேன்" என்றான். அவன் அவ்வளவாகக் குடிக்கவில்லை. "சாப்பிட்டவனைப் போய் வண்டி ஓட்டாதேன்னு சொல்றியேடா" என்றேன். அவனும் சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

வளைவு ஞாபகம் இருக்கிறது. அவன் கை ஸ்டியரிங்கைப் பிடிக்க வந்தது ஞாபகம் இருக்கிறது.

அதற்கு அடுத்தது ஆஸ்பத்திரி. என் கையில் ஊசி குத்துகிறார்கள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர், "சீக்கிரம் எடுங்கம்மா, நேரம் தாண்டினா கோர்ட்ல செல்லாது" என்கிறார். நான் "மச்சான் எங்கே?" என்று கேட்டேன். "அந்தப் பக்கம் திரும்பிப் பேசுய்யா, நாத்தம் தாங்கல" என்றார். சட்டம் அனுமதிக்கிற அளவைப் போல மூன்று மடங்கு என் இரத்தத்தில் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

மடி இல்லை, தெஞ்சி. வக்கீல் விசாரணைக்குச் சற்று முன்னால்தான் கோர்ட்டுக்குக் கீழே இருக்கிற லாக்கப்புக்கு வந்து என்னைப் பார்த்தார். "என்ன நடந்தது?" என்றார். தெரியாது என்றேன். "தெரியாதுன்னு சொன்னா தண்டனை கூடும். கை எப்படி முறிஞ்சுது? அவரை வெளியே இழுக்கும்போது முறிஞ்சிருக்கலாம் இல்லையா?" என்று கேட்டார். "இருக்கலாம்" என்றேன். நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். மீதியை அவர் மேலே வந்து சொன்னார். அவர் சொல்லும்போது நீ அழ ஆரம்பித்தாய். நான் எழுந்து இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தேன்.

அவன் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தான், என்னைக் கூப்பிட்டானா, தெரியாது. கூப்பிட்டிருந்தால் நான் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

டுமிசானி

*

மிசிங்கா
20 மே 2019

டுமிசானி,

அடுப்படியில் நின்றபடியே படித்தேன். அடுப்பில் பீன்ஸ் தீய்ந்து வீடெல்லாம் புகை. அயாண்டா வந்துதான் பாத்திரத்தை இறக்கினாள்.

பாவி. இந்த வார்த்தையை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன். அவனைக் கொன்றதைக்கூட குடி செய்த வேலை என்று எப்போதாவது விட்டிருப்பேன். கோர்ட்டில் உட்கார்ந்திருந்தபோது நீ குடித்திருக்கவில்லையே. தெளிவாகத்தானே இருந்தாய். நான் அழுததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறாய். அந்தப் பொய்யைக் கொண்டுபோய் என் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறேன்.

அத்தையிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று பார்த்தேன். ஒன்றுமே இல்லை. "அப்போ அவன் தண்ணி கேட்டிருப்பானே" என்றார். அவ்வளவுதான். பிறகு கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார்.

ஆகஸ்டில் பரோல் குழுவுக்குப் போகிறேன். வக்கீல் சொன்னது பொய், அதை நீயே எனக்கு எழுதியிருக்கிறாய் என்று சொல்லப் போகிறேன். உன் கடிதத்தையும் கொண்டு போகிறேன். பழி வாங்குவதாக நினைத்தால் நினைத்துக்கொள். எனக்கு அப்படியும் தோன்றவில்லை, இப்படியும் தோன்றவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும்.

இனி எழுதாதே.

தெஞ்சிவே

*

29 ஆகஸ்ட் 2019

தெஞ்சி,

எழுதாதே என்று சொல்லியிருந்தாய். இது தகவல் மட்டும்.

பரோல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்களாம். என் கடிதத்தை எனக்கே படித்துக் காட்டி "இது நீங்க எழுதினதுதானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். குழுவில் ஒரு பெரியவர், "இதை எழுதாம இருந்திருந்தா இன்னைக்கு வீட்டுக்குப் போயிருப்பே, தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன்.

குடி வகுப்பைத் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள். சித்தோலே போன வாரம் விடுதலையாகிப் போனார். அவர் படுக்கைக்கு இன்னும் ஆள் வரவில்லை.

நீ சொன்னது சரி. எனக்குக் கோபம் இல்லை. அத்தைக்குத் தூக்கம் வந்ததா என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

டுமிசானி

*

மிசிங்கா
30 செப்டம்பர் 2019

அண்ணா,

தூக்கம் வரவில்லை. இப்போது கனவில் அவன் விரலைக்கூட உயர்த்துவதில்லையாம். சும்மா நிற்கிறானாம்.

சின்ன மாமனார் இந்த விஷயத்தை ஒரு மாதமாக மென்றுகொண்டிருந்தார். போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். "எவனும் கூட இல்லாம செத்தவன் செத்த எடத்துல ஏன் நிக்கப் போறான்? அவன் பேசிட்டு வந்தது மச்சான்கூட. மச்சான் கண்ணு முழிச்சதும் அவன் பின்னாடியே போயிருப்பான். ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான், கோர்ட்டுக்குப் போயிருப்பான், இப்போ உள்ளே இருப்பான். நம்ம ஆத்துல நின்னு கத்தினா அவனுக்கு எப்படிக் கேக்கும்?" இப்படி எங்கேயாவது செய்திருக்கிறார்களா என்று கேட்டேன். "நான் கண்டதில்ல. கண்டதையெல்லாம்தான் ரெண்டு தடவை செஞ்சு பாத்துட்டோமே" என்றார்.

அதனால் சிறைக்கு வருகிறோம். சிறையில் விசாரித்தோம். பார்வையாளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். நீ உள்ளே போன அன்றே என் பெயரைக் கொடுத்தாயாம், வேறு ஒரு பெயரும் இல்லையாம். ஆகவே கிளையை நான்தான் பிடித்துக்கொண்டு வர வேண்டும். பெண்பிள்ளை பிடிப்பதா என்று சின்ன மாமனாருக்குக் கொஞ்சம் முகம் கோணியது. அத்தைதான் "அவ பிடிக்கட்டும்" என்றார்.

கேட்டுக்கொள். கிளையைக் கையில் வாங்கிவிட்டால் அவனைத் தவிர வேறு யாரிடமும் நான் பேசக் கூடாது. நீ வணக்கம் சொல்லாதே. அழாதே, மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பிக்காதே. நீ பேசினால் எனக்குப் பதில் சொல்லத் தோன்றும், எல்லாம் கெட்டுவிடும். நான் உன்னைப் பார்க்க வரவில்லை. அவனைக் கூட்டிப்போக வருகிறேன்.

வருகிற சனிக்கிழமை.

தெஞ்சிவே

*

மிசிங்கா
9 அக்டோபர் 2019

அண்ணா,

வந்து சேர்ந்தோம். வேனில் நான்கு பேருக்கு வாடகை கொடுத்தோம், கிளையையும் சேர்த்து. உட்கார இடம் தேடிய ஒருவர் காலி இருக்கை என்று அதில் உட்காரப் போனார். ஓட்டுநர் "ஐயா, அங்கே ஆள் இருக்கு" என்றார், அவர் ஒன்றும் கேட்காமல் பின்னால் போய்விட்டார். பாலத்தைச் சொன்னேன், வளைவைச் சொன்னேன். கிளை இப்போது வீட்டுக்குள் அத்தை தலைமாட்டில் இருக்கிறது.

சனிக்கிழமையிலிருந்து அத்தை தூங்குகிறார். நேற்று சூரியன் மேலே வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. நான் பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன்.

தெஞ்சிவே

*

21 அக்டோபர் 2019

தெஞ்சி,

அத்தை தூங்குகிறார் என்று படித்தேன். சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கியது.

அன்று வாசலில் நடந்ததைக் காவலர் பிறகு சொன்னார். முள் உள்ள பொருள் உள்ளே போகக் கூடாது என்பதுதான் சட்டமாம். உன்னிடம் கேட்டிருக்கிறார், நீ வாயைத் திறக்கவில்லை. கிளையை வாங்கக் கை நீட்டியிருக்கிறார். பிறகுதான் என்ன கிளை என்று பார்த்திருக்கிறார். "ஏம்ப்பா, அதை நான் வாங்கினா செத்தவர் என் வீட்டுக்கில்ல வந்துடுவார்? எனக்கு எதுக்கு வம்பு, போகட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

நீ இளைத்துவிட்டாய். தலையில் நரை தெரிகிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ உட்கார்ந்து கிளையை மேசை மேல் வைத்தாய். நீ சொன்னபடியே நான் ஒன்றும் பேசவில்லை. கையை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பக்கத்தில் பார்த்துப் பேசினாய். அத்தை காத்திருக்கிறார் என்று சொன்னாய். அயாண்டா உயரமாகிவிட்டாள், அவன் தம்பிக்குப் பையன் பிறந்திருக்கிறான் என்று சொன்னாய். அன்று நாங்கள் பேசி முடித்த பெண்ணைத்தான் கட்டினானா என்று எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. விபத்து நடந்ததிலிருந்து நான்கு வருஷமாக உன் குரலைக் கேட்கவில்லை. அப்படியேதான் இருக்கிறது.

பிறகு நீ கிளையை எடுத்துக்கொண்டு எழுந்தாய். "எந்திரி. போதும் இங்கே இருந்தது. வா, நம்ம வீட்டுக்குப் போகலாம்" என்றாய்.

அவனிடம்தான் சொன்னாய். அது எனக்குத் தெரியும். ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன், தெஞ்சி. நாற்காலியைக்கூடத் தள்ளிவிட்டேன்.

நீ அதற்குள் திரும்பி நடந்துவிட்டாய். காவலர்தான் என் தோளில் கை வைத்து, "உக்காருப்பா. உன்னைக் கூப்பிடல" என்றார்.

அண்ணன்
டுமிசானி